ரதவீதிக்கு வந்த பிறை

கருவேலங்கோட்டையில் வானம் தொய்ந்து இறங்கியதை முதலில் கண்டது பால்காரரும் இல்லை, கோயில் குருக்களும் இல்லை. மாடியில் வடகம் பிழியப் போன ஒரு பெண்பிள்ளை. அவள் உச்சந்தலையில் ஏதோ மெத்தென்று இடிக்க, பக்கத்து வீட்டுக் கொடியில் கிடக்கிற போர்வை என்று நினைத்துக் கையால் ஒதுக்கிவிட்டு, வடகத்தைப் பிழிந்து முடித்து, கீழே வந்து காப்பியும் குடித்த பிறகுதான் பக்கத்து வீட்டுக்கு மாடியே கிடையாது என்பது அவளுக்கு நினைவு வந்தது. அதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. ஆவணி அமாவாசைக்கு மறுநாள் காலையில், மழைத்தண்ணீர் தேங்கின பந்தல் துணி மாதிரி வானம் நடுவில் தொய்ந்து, கோபுரத்துக் கலசத்திலும் தண்ணீர்த்தொட்டியின் தலையிலும் சாய்ந்துகொண்டு, தென்னைமர உயரத்தில் ஊரைப் பார்த்துக்கொண்டு நின்றது.

ஏன் தொய்ந்தது என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. பழைய துணி, அப்படித்தான் இருக்கும் என்றார் ஒருவர். ஊரில் நடக்கிற அக்கிரமத்துக்கு இறங்காமல் என்ன செய்யும் என்றார் இன்னொருவர். அவர் பஸ் லேட்டாக வந்தாலும் அதைத்தான் சொல்வார். சூரியன் எப்படிப் போயிற்று என்று கேட்கிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிட வேண்டும். அது பெரிய இடத்துப் பிள்ளை, ஊருக்குள் நெரிசல் என்று தெரிந்ததும் பைபாஸில் போய்விட்டது.

துணி தொய்ந்தால் யாரைக் கூப்பிடுவார்கள்? பேச்சித்தாயைக் கூப்பிட்டார்கள். அப்பா விட்டுப்போன பந்தல் தொழிலை எடுத்து நடத்துகிறவள், முப்பத்தைந்து தாண்டியவள், ஊரில் பாதிப் பேருக்கு அவள் கட்டிய பந்தலில்தான் தாலி ஏறியிருந்தது, அவளுக்குத்தான் இன்னும் ஏறவில்லை. அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மாடியேறி, வானத்தை இரண்டு விரலால் நெருடிப் பார்த்தாள்.

"துணி நல்ல துணிதான், கிழிசல் ஒண்ணும் இல்ல" என்றாள். "நடுக்கால் இல்லாத பந்தல் தொங்காம என்ன செய்யும்?"

அன்று சாயங்காலத்துக்குள் சந்திக்குச் சந்தி சவுக்குக் கம்பு நட்டு, வானம் கிழியாதபடி கம்பு முனைகளில் சாக்கைச் சுற்றிக் கட்டி, ஆட்டோவும் ஆம்புலன்சும் போக இடம்விட்டு, தொங்கல் அதிகமான இடங்களைத் தூக்கி நிறுத்திவிட்டாள். ஊரும் அதோடு நிம்மதியாகிவிட்டது.

கருவேலங்கோட்டைக்காரர்களுக்கு எதுவும் பழக நாலு நாள் போதும். வானம் பழக இரண்டு நாள்தான் ஆயிற்று. மாடிவீட்டுக்காரர்கள் ஆண்டெனாவைக் கழற்றி உள்ளே வைத்தார்கள். இவ்வளவு கிட்டத்தில் நட்சத்திரங்கள் பகலிலும் கண்ணுக்குத் தெரிந்ததால், பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள் அவற்றை எண்ணிக்கொண்டே வந்து சாக்கடையில் கால்வைத்தார்கள், வீட்டில் அடிவாங்கினார்கள். எங்கள் வார்டுக்கு மங்கலான நட்சத்திரம், தலைவர் வார்டுக்கு மட்டும் பளிச்சென்று ஏழெட்டா என்று கவுன்சிலர்கள் சண்டை போட்டார்கள். ஜோசியர்தான் பாவம். சனி எங்கே இருக்கிறார் என்று ஜனங்கள் அவரவர் வீட்டிலேயே ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்துக்கொண்டார்கள். அவரும் லேசுப்பட்டவரில்லை, மறுநாளே நல்ல உயரமான ஸ்டூல்களாக வாங்கிப் போட்டு வாடகைக்கு விட ஆரம்பித்தார்.

இதில் அதிகம் சந்தோஷப்பட்டிருக்க வேண்டியவர்கள் கருவேலங்கோட்டை வான்நோக்கர் மன்றத்தார், அவர்கள்தான் கொஞ்சம் வாடிப்போனார்கள். பகலெல்லாம் பிழைப்பு, பொழுது சாய்ந்தால் வானம் என்று வருஷக்கணக்காகக் கழுத்து வலிக்க அண்ணாந்து கிடந்தவர்கள். ஊரில் எல்லாரும் எட்டிப் பார்க்கிற தூரத்துக்கு அது வந்துவிட்டால் தொலைநோக்கி எதற்கு?

மன்றம் என்றால் பெரிய மன்றம் இல்லை, ஐந்தே பேர். தலைவி எஸ்தர், சன்னதித் தெருவில் ரவிக்கைத் துணி விற்கும் மேட்சிங் சென்டர் வைத்திருப்பவள். சேலையைப் பார்க்காமலே முந்தானை நூல் ஒன்றைக் கொடுத்தால் போதும், அடுக்கிலிருந்து சரியான துணியை உருவிவிடுவாள். அதே கண்ணால் நட்சத்திரங்களைப் பார்த்து, "இது போன வாரத்துக்கு அரை ஷேடு மங்கிருச்சு" என்பாள், அது மங்கித்தான் இருக்கும். மைதீன் பிச்சை மீன்வண்டி ஓட்டுகிறவர். தூத்துக்குடி ரோட்டில் விடியற்காலையில் எதிரே வண்டி வருகிறதென்று மரியாதையாக லைட்டை இறக்கிக் காட்டி, எதிர்லைட்டு இறங்காததால் கோபம் வந்து, வண்டியை ஓரங்கட்டிச் சண்டைக்கு இறங்கிய பிறகுதான் அது விடிவெள்ளி என்று கண்டு, அன்றோடு மன்றத்தில் சேர்ந்தவர். ஞானதுரை பல்செட் செய்கிறவர். பல்லுக்குப் பளபளப்பு ஏற்றுகிற பொடியைக் கொண்டே லென்சைத் தேய்த்து மன்றத்துக்குத் தொலைநோக்கி செய்து கொடுத்தவர், அதனால் அதைக் குறைசொன்னால் பல்லைக் கடிப்பார்.

நான்காமவன் பிறவிப்பெருமாள், மின்வாரியத்தில் லைன்மேன். வியாழனைப் பார்க்கிறோம், அந்தத் தெருவிளக்கைக் கொஞ்சம் அணைக்க முடியுமா என்று ஐந்தாம் ஆளான பேச்சித்தாய் ஒருநாள் போன் போட்டுக் கேட்டாள். அவன் விளக்கை அணைத்துவிட்டு, எதற்காக அணைத்தோம் என்று பார்ப்போமே என்று வந்தான். பிறகு அவள் கேட்காமலே அணைத்தான். பிறகு அணைக்க விளக்கே இல்லாத இடத்துக்கும் வந்தான். பந்தல் உச்சியில் கயிறு கட்டிக்கொண்டே பொழுது இறங்குவதையும் முதல் வெள்ளி முளைப்பதையும் பார்த்து வளர்ந்தவளுக்கும், கம்பத்து உச்சியில் தொங்கிக்கொண்டு அதையே பார்த்தவனுக்கும் பேச ஏகப்பட்டது இருந்தது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் உயிராக நேசித்தார்கள், இதில் மறைக்க ஒன்றுமில்லை.

கல்யாணம்தான் கைகூடாமல் இழுத்துக்கொண்டே போயிற்று. முதலில் குறித்த தேதி கிரகணத்தில் போய் முட்டியது. கிரகணத்தன்று கல்யாணம் ஆகாது என்றார்கள் பெரியவர்கள். கல்யாணத்தில் உட்கார்ந்துவிட்டால் கிரகணத்தை யார் பார்ப்பது என்றார்கள் மாப்பிள்ளையும் பெண்ணும். இரண்டாவது தேதியில் புயல் வந்தது. சாய்ந்த கம்பங்களை நிமிர்த்த பிறவியைக் கடற்கரைப் பக்கம் அனுப்பிவிட்டார்கள், அவன் திரும்பி வரும்போது மாதமே முடிந்திருந்தது. மூன்றாவது தேதி இந்த ஆவணி வளர்பிறைப் பஞ்சமி, சுவாதி நட்சத்திரம்.

பிறவியின் அம்மா ஆவுடையம்மாள், நெற்றியில் திருநீறு தவிர வேறொன்றும் வைக்காதவள், பேச்சித்தாயைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லியிருந்தாள்.

"இந்தா பாரு தாயி. எனக்குத் தேய்பிறையிலதான் தாலி கட்டுனாவ. அவசரம்னு சொல்லி முடிச்சாவ. இவன் இடுப்புல இருக்கும்போதே அவுக போய்ச் சேந்துட்டாவ. எம் மவனுக்கு வளர்பிறை தலைக்கு மேல நிக்கணும், கீழ தாலி ஏறணும். இந்தத் தடவையும் தவறிச்சின்னா நான் வேற இடம் பாத்துருவேன். பெறவு என்னையக் குத்தஞ் சொல்லக் கூடாது."

"தவறாது அத்தை" என்று பேச்சித்தாய் சொல்லியிருந்தாள். வானம் இறங்கும் என்று அப்போது யார் கண்டார்கள்?

நிலாவைப் பற்றி முதலில் நினைத்தவர் மைதீன் பிச்சை. பெரிய வண்டியை ஊருக்குள் திருப்புகிறவருக்குத்தான் அந்தக் கவலை வரும்.

"அமாவாசை கழிஞ்ச புதுசுல நிலா சின்னப் பிள்ளை, சூரியன் கையப் புடிச்சிக்கிட்டு அதுவும் பைபாஸ்ல போயிரும். பஞ்சமி ஆச்சின்னா தனியால்லா வரும்? ஊருக்குள்ள எந்தத் தெருவழியாப் போவும்?" என்றார்.

எல்லாரும் அவரையே பார்த்தார்கள். தொய்ந்த வானத்தில் நிலா தாழ்வைத் தேடித்தான் வழுக்கி வரும். ரதவீதிகளுக்குள் வந்தால் ஒருபக்கம் விளம்பரப் பலகை, ஒருபக்கம் தகரக் கூரை, குறுக்கே வயர். எதிலாவது கொம்பு மாட்டினால் பிறை அங்கேயே நின்றுவிடும், பஞ்சமியைத் தாண்டி ஒரு விரற்கடை வளராது. அப்புறம் பௌர்ணமி ஏது, வளர்பிறை முகூர்த்தம் ஏது, யாருக்குத்தான் கல்யாணம் ஏது?

தண்ணீர்த்தொட்டியின் மேல் தொலைநோக்கியை ஏற்றிவைத்து, கிழக்கே வானத்துணியில் விழுந்திருந்த நீளப் பள்ளத்தைப் பார்த்தார்கள். அது ஊரை நெருங்கும்போது எந்தப் பக்கம் வளைகிறது என்று ஐந்து பேரும் முறைவைத்துக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்கள். "இடதுபக்கம்" என்றாள் எஸ்தர். "இடதுதான்" என்றார் ஞானதுரை. பேச்சித்தாயும் பார்த்தாள், இடதுபக்கம்தான் வளைந்தது. கிழக்கே பார்த்து நின்றால் இடதுகை வடக்கு. ஆகவே நிலா வடக்கு ரதவீதி வழியாக எழுந்தருளும் என்று ஆட்டோவில் மைக் கட்டி அறிவித்தாயிற்று.

ஊர் ஒரேயடியாகக் கிளம்பியது. தேருக்கு வழிவிட்டுப் பழகிய ஊருக்கு இதையெல்லாம் சொல்லித்தர வேண்டுமா? வடக்கு ரதவீதியில் கடைகளின் முன்சார்ப்பைப் பிரித்தார்கள், தலைவர்கள் சிரிக்கிற பேனரையெல்லாம் சுருட்டினார்கள், பிறவிப்பெருமாள் ஏறி வயர்களைத் தளர்த்தினான், பெண்கள் வாசல் தெளித்துக் கோலம் போட்டார்கள். ஐந்து பேரும் நடந்துபோனால் ஜனங்கள் எழுந்து நின்று கும்பிட்டார்கள். இத்தனை நாள் அவர்களைப் பொழுதுபோகாதவர்கள் என்று சொன்ன வாய்கள்தான்.

கல்யாணம் தெற்கு ரதவீதியில், பேச்சித்தாய் வீட்டு வாசலில். தெற்கே தடையில்லை என்பதால் அவள் மனசுக்குப் பிடித்தமாதிரி, தெருவின் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக, மேலே தகரமும் உள்ளே மடிப்பு மடிப்பாகச் சீலையும் கொடுத்து ஒரு பந்தல் போட்டாள். ஊராருக்குப் போட்டதிலெல்லாம் எங்காவது ஒரு மூலையில் அவசரம் இருக்கும். இதில் இல்லை. முடித்துவிட்டு நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தவளுக்கு அழுகை வந்தது.

பஞ்சமி காலை. பேச்சித்தாய் கூறைச்சேலையில் மணையில் இருந்தாள், பிறவி பட்டுவேட்டியில் பக்கத்தில் இருந்தான், ஐயர் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு மந்திரம் சொன்னார், ஆவுடையம்மாள் கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். கல்யாணத்துக்கு வந்த கூட்டத்தில் பாதி, நிலாவைப் பார்க்க வடக்கு வீதிக்குப் போயிருந்தது. நிலா தெப்பக்குளத்தைத் தாண்டியது என்று சத்தம் வந்தது. எஸ்தர் மட்டும் தொட்டிமேல் தொலைநோக்கியில் கண்வைத்து இருந்தவள், எதற்கோ கண்ணை எடுத்து வெறுங்கண்ணால் ஒருதரம் பார்த்தாள். பிறகு மறுபடி கண்வைத்துப் பார்த்தாள். பிறகு, அவ்வளவு உயரத்திலிருந்து அவ்வளவு கனத்த பெண் இறங்கக்கூடாத வேகத்தில் இறங்கித் தெற்கு ரதவீதிக்கு ஓடிவந்தாள்.

"இடம் வலம்! அட பாவிகளா, இடம் வலம்!" என்று கத்தினாள். "நம்ம கண்ணாடில எடது வலதாத்தானே தெரியும்! நிலா இங்கன வருது!"

மன்றத்தில் சேருகிற அன்றைக்கே சொல்லித்தருகிற முதல் பாடம் அது. நட்சத்திரங்களுக்கு இடதாவது வலதாவது என்று பார்த்துப் பார்த்துப் பழகி, ஐந்து பேருக்கும் அது மறந்தே போயிருந்தது. தெருவும் திருப்பமும் உள்ள ஒன்றை அவர்கள் அந்தக் கருவியில் பார்த்தது அதுதான் முதல்முறை.

கிழக்கு முனையில் அது திரும்பியது. ஒரு பஸ் நீளம், வெள்ளை வெளேரென்று வெயிலில் வெளிறி, பள்ளத்தில் வழுக்கிக்கொண்டு, இரண்டு கொம்பும் முன்னும் பின்னும் ஆட, அவசரமே இல்லாமல் வந்தது. மேளக்காரர் வாசிப்பை நிறுத்தினார். பேச்சித்தாய் மணையிலிருந்தே ஒரு பார்வையில் அளந்துவிட்டாள். பந்தல் தகரத்தின் விளிம்பு நேராக நிலாவின் வயிற்றுக்கு நின்றது.

பிறவி அவளைப் பார்த்தான். இன்னும் கொஞ்ச நேரத்தில் தாலி ஏறியிருக்கும். பந்தலைப் பிரித்தால் முகூர்த்தம் கலையும். பிரிக்காவிட்டால் முகூர்த்தம் என்ற ஒன்றே ஊருக்கு இருக்காது.

"நீ போயி பீசைப் புடுங்கு" என்றாள் அவள், மாலையைக் கழற்றிக்கொண்டே. "தெக்குத் தெருவுல கரண்ட் இருக்கு."

அவன் மடித்துக்கட்டிய பட்டுவேட்டியோடு டிரான்ஸ்பார்மரைப் பார்த்து ஓடினான். அவள் கூறைச்சேலையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு மூலைக்கம்பில் ஏறினாள். நல்ல பந்தல்காரி கட்டுவது இழுத்தால் உருவுகிற சுருக்கு. அவள் ஒவ்வொன்றாக இழுக்க, கீழே விருந்தாளிகள் கைநீட்டித் தகரங்களை வாங்க, சீலை மடிப்பெல்லாம் சரிந்து ஐயர்மேல் விழ, கட்ட முழுசாக இரண்டு நாள் பிடித்த பந்தல் பந்திக்கு இலை போடுகிற நேரத்தில் தரைக்கு வந்துவிட்டது. அவள் வாய்விட்டு அழுதுகொண்டேதான் பிரித்தாள். கை மட்டும் நிற்கவில்லை.

நிலா அவர்கள் தலைக்கு மேல் வந்தது. தெரு முழுக்கக் கிணற்றடிக் குளிர்ச்சி இறங்கியது. பிறவி கம்பத்தில் ஏறி வயரை விலக்கிக் கொண்டிருந்தான். அப்போது கடைசி வரிசையிலிருந்து ஆவுடையம்மாளின் குரல் கேட்டது.

"எல, எறங்குல! தலைக்கு மேல வளர்பிறை நிக்கி, பாத்துக்கிட்டா இருக்க? வந்து கட்டு!"

அவன் இறங்கி ஓடிவந்து முதல் முடிச்சைப் போட்டான். அதற்குள் நிலா நகர்ந்துவிட்டது. நிலா நகர்ந்தால் கல்யாணமும் நகர வேண்டியதுதானே? ஐயர் அக்கினிச் சட்டியை ஒரு தாம்பாளத்தில் தூக்கிக்கொண்டார், மேளக்காரர் நடந்துகொண்டே கெட்டிமேளம் கொட்டினார், கூட்டம் கவட்டைக் கம்புகளால் வயர்களை ஏந்திப் பிடித்தது, மைதீன் பிச்சை முன்னால் பின்பக்கமாக நடந்து "வரட்டும், வரட்டும், ரைட்டுல ஒடி" என்று நிலாவுக்குக் கைகாட்டினார். ஞானதுரை பிறையின் வாலுக்கொம்பு மாடிச்சுவரில் உரசாமல் தோளைக் கொடுத்துத் தள்ளினார். அடுத்த கம்பத்தில் ஏறி வயரை விலக்கிவிட்டு இறங்கிவந்து, துணிக்கடை ஒன்றின் வாசலில் பிறவி இரண்டாவது முடிச்சைப் போட்டான். பேச்சித்தாய்க்கு இப்போது சிரிப்பு வந்துவிட்டது. அழுத கண்ணோடு சிரித்துக்கொண்டே, தாலியைக் கையில் பிடித்தபடி, நிலாவுக்குக் கீழே நடந்தாள்.

மூன்றாவது கம்பத்தில்தான் வினை. பிறையின் முன்கொம்பில் ஒரு வயர் சுற்றிக்கொண்டது. பிறவி அதைத் தாங்கிப் பிடித்தால்தான் நிலா நகரும், விட்டால் சிக்கும். அவன் மேலே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். தெரு அதோடு முடிந்தது. அப்பால் வயல்வெளி, அங்கே போனால் நிலா ஏறிப் போய்விடும்.

"மூணாம் முடிச்சு நாத்தனார் போடலாமே, அதுதானே வழக்கம்?" என்றார் ஐயர் மூச்சுவாங்க.

"கூடப்பொறந்தவ இல்லயே எனக்கு!" என்றான் பிறவி மேலிருந்து.

கூட்டத்துப் பெண்கள் நானா நீயா என்று ஒருவரையொருவர் பார்த்தார்கள். பேச்சித்தாய் யாரையும் பார்க்கவில்லை. கூட்டத்தின் ஓரத்தில், ஓடிவந்ததில் இரைத்துக்கொண்டு நின்ற ஆவுடையம்மாள் முன்னால் போய் நின்று, திரும்பிக் கழுத்தைக் குனிந்துகொடுத்தாள்.

"அத்தை, நீங்க போடுங்க."

"ஏ கிறுக்கி! நானா?" ஆவுடையம்மாள் இரண்டு கையையும் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "நான் தாலியறுத்தவ. மணையப் பாத்தே உக்காரக் கூடாதுன்னுல்லா தூணுக்குப் பின்னால இருந்தேன்."

"வளர்பிறை தலைக்கு மேல நிக்கணும்னு சொன்னீயள்லா? நிக்கி. இப்பப் போயிரும்."

யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று ஆவுடையம்மாள் சுற்றிலும் பார்த்தாள். நிலாவின் குளிர்ந்த நிழலில் அத்தனை பேர் முகமும் ஒரே நிறமாக இருந்தது. ஐயர் தாம்பாளத்தை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு, "சீக்கிரம் அம்மா, சுடுது" என்றார்.

அவள் கையை நீட்டினாள். மஞ்சள் கயிற்றைத் தொட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. ஒருதரம் நழுவவிட்டாள், மறுபடி பிடித்தாள், பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்து முடிச்சைப் போட்டாள். மேலே பிறவி வயரை விடுவித்தான். மேளம் தெருவை அதிரவைக்க, அட்சதை எல்லாப் பக்கமிருந்தும் பறக்க, பிறை கடைசி வீட்டைத் தாண்டி வயலுக்கு மேல் வழுக்கி, மேற்கே போகப் போக வானத்துணியைத் தன்னோடு இழுத்து விறைப்பாக்கியது. பேச்சித்தாய் நட்ட சவுக்குக் கம்புகள் தாங்க ஒன்றுமில்லாமல் சந்திக்குச் சந்தி ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. வானம் தன் பழைய உயரத்துக்குப் போய்விட்டது. ஊரே அண்ணாந்து அதைப் பார்த்துக்கொண்டு நின்றது.

ஆவுடையம்மாள் மட்டும் அண்ணாந்து பார்க்கவில்லை. மருமகளின் பிடரியில் கிடந்த அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரியா விழுந்திருக்கா தாயி?" என்று மெதுவாகக் கேட்டாள். "உனக்குத்தான் முடிச்சு தெரியும்."

பேச்சித்தாய் கையைப் பின்னால் கொண்டுபோய், தொழில்காரி பார்க்கிற மாதிரி, கயிற்றை இரண்டுதரம் வெடுக்கென்று இழுத்துப் பார்த்தாள்.

"எந்தக் காத்துக்கும் அவுறாது அத்தை" என்றாள்.